சன்னலோர சீட்டும் மைல் கணக்கும்

போன மாசம் எனக்கு வெள்ளிப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இலக்கியத்துக்காக என்று நினைத்துவிட வேண்டாம். விமானத்தில் அடிக்கடி போய்வந்ததற்காக. ‘வாழ்த்துகள், இனி நீங்கள் எங்கள் வெள்ளி உறுப்பினர்’ என்று ஒரு விமானக் கம்பெனி எழுதியிருக்கிறது. இனிமேல் நீளமான வரிசையில் நான் நிற்க வேண்டியதில்லை. தனி வரிசை உண்டு. மூட்டை கூடுதலாகக் கொண்டுபோகலாம். காசு கொடுக்காமலே சன்னலோர சீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். படித்ததும் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தோசப்பட்ட அஞ்சாவது நிமிசத்தில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரேசன் கடையிலும் தண்ணிக் குழாயிலும் எல்லாரும் பிடித்துப்போன பிறகு கடைசியாக நின்ற குடும்பத்துப் பிள்ளை, தனக்குத் தனி வரிசை கிடைத்ததும் இப்படிப் பல்லிளிக்கிறானே என்று தோன்றியது.

விமானத்தில் போகிறவன் சங்கடம் நமக்கு எதுக்குய்யா என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும். இன்றைக்கு நம்மில் பலர் மாநாடு, கருத்தரங்கு, பொது விசாரணை என்று விமானம் ஏறுகிறோம். ஏறினால் தப்பில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து தில்லிக்குப் போனால்தான் போராளி என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் நம் கைக்கு ஒரு முன்னுரிமை வந்து சேரும்போது, அதுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை நான் என்னிடமே ரொம்ப நாள் கேட்காமல் இருந்துவிட்டேன்.

முதலில் இந்த மைல் சமாச்சாரம் என்ன என்று பார்ப்போம். 1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் போட்டது. கம்பெனிகளுக்குள் போட்டி வந்தது. எல்லாருடைய விமானமும் ஒரே மாதிரி, போகிற ஊரும் ஒன்றுதான். வந்த பயணியைக் கட்டிவைப்பது எப்படி? 1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நீ பறக்கிற மைலை நான் கணக்கு வைக்கிறேன், சேர்ந்ததும் ஓசி டிக்கெட் தருகிறேன் என்றது. சில நாளிலேயே யுனைடெட்டும் அதே காரியத்தைச் செய்தது. நம் நாட்டுக்கு இது தொண்ணூறுகளில் வந்தது. ஏர் இந்தியா தன் திட்டத்துக்கு 2025-இல் ‘மகாராஜா கிளப்’ என்று பேர் மாற்றியிருக்கிறது. மன்னர் மானியத்தை ஒழித்து அரை நூற்றாண்டு ஆன நாட்டில், பாயிண்ட் சேர்த்தால் மகாராஜா ஆகலாம்!

ஆரம்பத்தில் தூரத்துக்குத்தான் மைல். தூரம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுதானே. அந்தச் சின்ன நியாயமும் நிலைக்கவில்லை. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-இல், அமெரிக்கன் 2016-இல், எவ்வளவு தூரம் பறந்தாய் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு காசு கொடுத்தாய் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. பேர் மட்டும் மைல் என்றே இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் துபாய், தோகா என்று போகிறார்கள். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஏஜெண்ட் எந்தக் கம்பெனி மலிவோ அதில் டிக்கெட் எடுப்பான். மலிவு டிக்கெட்டுக்கு மைல் குறைவு. சிலதுக்குக் கிடையவே கிடையாது. சேர்ந்த கொஞ்சமும் பல கம்பெனிகளில் மூணு வருசத்தில் செத்துப்போகும். கடல் தாண்டிப் போய் உழைத்தவன் கணக்கில் பூஜ்யம். மாசம் ரெண்டு தரம் கம்பெனி செலவில் பம்பாய் போய் மீட்டிங் முடித்து வருகிறவர் கணக்கில் குடும்பத்தோடு சிங்கப்பூர்.

இதுக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் ‘லாயல்டி புரோகிராம்’. தமிழில் சொன்னால் விசுவாசத் திட்டம். விசுவாசம் என்கிற வார்த்தையைக் கேட்டால் நமக்குக் காது கூசும். எங்க தாத்தாவுக்கும் ஒரு விசுவாசத் திட்டம் இருந்தது. வருசம் பூரா பண்ணையில் மாடாய் உழைத்தால் தீபாவளிக்கு ஒரு வேட்டி. ‘ரொம்ப விசுவாசமான ஆளு’ என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை. பண்ணையாரின் கணக்கு நோட்டில் தாத்தா பேர் இருந்தது, ஆனால் அந்த நோட்டை தாத்தா பார்த்ததே இல்லை. கம்பெனி நோட்டை நாம் பார்க்க முடிகிறது. எத்தனை பாயிண்டுக்கு எந்த டிக்கெட் என்பதை மட்டும் அவர்கள் நினைத்தபோது மாற்றிக்கொள்வார்கள். 2020-இல் கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் கம்பெனி இந்த மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. டெல்டா 900 கோடி டாலர் திரட்டியது. பயணியின் விசுவாசம் அடகுக்கடைக்குப் போகிற சொத்தாகிவிட்டது. இங்கே 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஆனால் அதன் மைல் திட்டம் அதே வருசம் வேறு பேர் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது. விமானம் செத்தது, மூட்டை தூக்கியவன் கூலி செத்தது, பாயிண்ட் சாகவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தங்கம், வெள்ளி என்கிற இந்த அடுக்கைப் பார்த்ததும் ‘இதுவும் சாதிதான்’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது பொய். வெள்ளி உறுப்பினன் மகன் வெள்ளியாகப் பிறப்பதில்லை. ஒரு வருசம் பறக்காவிட்டால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாதியை அப்படி யாரும் பிடுங்க முடியாது. காசால் வரும் மேல்கீழையும் பிறப்பால் வரும் மேல்கீழையும் ஒன்றாக்கிப் பேசினால் சாதிக்குத்தான் லாபம். எனவே அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வருவது வேறு. எல்லாருக்கும் இடம் இருக்கும்வரை இந்த அடுக்கு விளையாட்டு மாதிரித் தெரியும். இடம் போதாமல் போகிற நாளில்தான் அது எதுக்கு இருக்கிறது என்பது புரியும். 2017 ஏப்ரல் 9, சிகாகோவிலிருந்து லூயிவில் போகிற யுனைடெட் விமானம், எண் 3411. எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி ஆட்கள் நாலு பேரை அனுப்பணும், நாலு பேர் இறங்குங்கள் என்றார்கள். 400 டாலர், பிறகு 800 டாலர் மதிப்புள்ள வவுச்சர் தருகிறோம் என்றார்கள். யாரும் எழவில்லை. நாலு பேரைக் கம்ப்யூட்டர் பொறுக்கியது. எவ்வளவு கொடுத்து டிக்கெட் எடுத்தாய், கம்பெனியின் அடிக்கடிப் பயணியா, என்பதெல்லாம் அந்தப் பொறுக்கலில் கணக்கு. மூணு பேர் இறங்கினார்கள். டேவிட் டாவ் என்ற 69 வயது மருத்துவர், வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர், காலையில் நோயாளிகளைப் பார்க்கணும், இறங்க மாட்டேன் என்றார். பாதுகாப்பு அதிகாரிகள் அவரை சீட்டிலிருந்து பிடுங்கி நடைவழியில் இழுத்துக்கொண்டு போனார்கள். மூக்கு உடைந்தது, ரெண்டு பல் போனது. வெள்ளியும் தங்கமும் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ஒன்றும் தப்புச் செய்யவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் மேலே இருந்ததால் வேறொருவர் கீழே வந்தார், அவ்வளவுதான். முன்னுரிமை என்பதன் மறுபக்கம் இது. வைத்திருக்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது.

இனி என் சீட்டுக்கு வருகிறேன்.

சின்ன வயசில் எங்க ஊர் டவுன் பஸ்ஸில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலி சீட் இருக்கும். ‘நின்னா காத்து வருது’ என்பார். ஊர்த்தெரு ஸ்டாப்பிங்கில் ஏறுகிறவர்கள் கண்ணைக் காட்டி எழுப்புவதற்கு முன்னால், உட்காராமலே இருந்துவிடுவது அவருடைய மானம். எனக்கு இது காலேஜில் படிக்கும்போதுதான் உறைத்தது. அதனால்தானோ என்னவோ, விமானத்தில் எனக்கு சன்னலோர சீட்டு மேல் அப்படி ஒரு வெறி.

ஒருமுறை தில்லியிலிருந்து திரும்புகிறேன். 9-ஆவது வரிசை, சன்னல். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய நண்பர். என்னைப் பார்த்து, பின்பக்கம் விரலை நீட்டி, ‘நீங்க அங்க போய் உக்காருங்க’ என்றார். அங்கே என்பது கடைசி வரிசைக்கு முந்தின வரிசை, நடு சீட், கக்கூஸுக்குப் பக்கத்தில். ‘முடியாது சார்’ என்றேன். பணிப்பெண் சிரித்துக்கொண்டே வந்து ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்’ என்றார். அட்ஜஸ்ட். இந்த நாட்டில் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வது யாரிடம் என்று எல்லாருக்கும் தெரியும். முடியாது என்றே இருந்தேன். அவருக்கு என் சாதி தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஆனால் அந்த விரலை என் உடம்புக்குத் தெரியும். ரெண்டே முக்கால் மணி நேரமும் அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்துவந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

வருத்தம் அடுத்த தடவைதான். ஒரு அம்மா, ஆறு வயசுப் பெண்பிள்ளை. ரெண்டு பேருக்கும் வேற வேற வரிசையில் சீட். ‘சார், பாப்பா தனியா இருக்க மாட்டா, நீங்க கொஞ்சம்...’ என்று ஆரம்பித்தார். முழுசாகக் கேட்பதற்குள் ‘நான் காசு கொடுத்து எடுத்த சீட்’ என்றேன். பாப்பா அழுதது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் அப்பாவை நான் துணைக்குக் கூப்பிட முடியவில்லை.

1955 டிசம்பர் 1-ஆம் தேதி அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழ மறுத்ததை நாம் மேடையில் பேசுகிறோம். அதுக்கு ஒன்பது மாசம் முன்னாலேயே, அதே ஊரில், 15 வயது கிளாடெட் கொல்வின் மறுத்துக் கைதானாள். அவர்களிடம் யாரும் சீட்டைக் கேட்கவில்லை. எழுந்திரு என்று சொன்னார்கள், பின்னால் போலீஸ் நின்றது. நானோ ஒரு தாயின் கோரிக்கைக்கு முன்னால் ரோசா பார்க்ஸ் வேசம் கட்டினேன். அடிபட்ட நினைவு நமக்கு ஆயுதம், சரி. அந்த ஆயுதத்தை எதிரில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் சுழற்றினால் நாமும் வெறும் சீட்டுக்காரர்கள்தான்.

அந்த அம்மாவையும் பிள்ளையையும் பிரித்து உட்காரவைத்தது நான் இல்லை. ஒன்றாக உட்கார்வதையே சரக்காக்கி விற்கிற கம்பெனிதான் பிரித்தது. சன்னலுக்கு ஒரு விலை, முன்வரிசைக்கு ஒரு விலை, கால் நீட்டுகிற வரிசைக்கு இன்னும் கூடின விலை. கொடுக்காதவன் நடு சீட்டுக்குப் போவான். பிறகு பயணிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள், கம்பெனி ‘அட்ஜஸ்ட்’ என்று சிரிக்கும். விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஏப்ரலில், 12 வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் பக்கத்திலாவது சீட் கொடுக்கணும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட வேண்டிவந்தது. தாய்க்குப் பக்கத்தில் பிள்ளை உட்கார அரசாங்க உத்தரவு! ஆனால் கம்பெனியின் குற்றம் என் குற்றத்தைக் கழுவிவிடாது. அந்த நிமிசத்தில் எழுந்திருக்க முடிந்தவன் நான், எழவில்லை.

இப்போது மைல் யாருடையது என்ற கேள்வி. 2002-இல் ஜெர்மனியில் இது பெரிய ரகளையானது. அரசுச் செலவில் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியவர்கள் என்று பல அரசியல்வாதிகளின் பேர் பத்திரிகையில் வந்தது. பெர்லின் மாநில அமைச்சராக இருந்த இடதுசாரித் தலைவர் கிரெகோர் கீசி பதவி விலகினார். துருக்கித் தொழிலாளிக் குடும்பத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் பொறுப்பிலிருந்து விலகினார். நம் மத்திய அரசின் விதியும் அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல் அலுவலுக்கே என்கிறது. அமெரிக்காவில் 2001 கடைசியில் சட்டத்தையே மாற்றி, அரசு ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆக, எது சரி என்பதில் அரசாங்கங்களுக்கே ஒரே பதில் இல்லை. இயக்கங்களுக்கோ கேள்வியே எழவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் செப்டிக் டேங்க்குக்குள் இறங்கி விசவாயு தாக்கிச் செத்தவர். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்தாச்சு. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023-இல் 30 லட்சமாக்கியது. அந்தக் காசுக்காக அக்கா கலெக்டர் ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் அலைந்தார். அவர் கதையைச் சொல்ல நான் விமானத்தில் பறந்தேன். பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் நிகழ்ச்சி நடத்தியவர்களுடையது, சாவு அக்கா வீட்டினுடையது, மைல் என்னுடையது. இதை எழுதிப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது.

பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. தில்லியில் பொது விசாரணை. அக்காவையே கூப்பிடுங்கள் என்றேன். ‘பட்ஜெட்ல ஒருத்தருக்குத்தான் இடம். வழக்கம்போல நீங்களே அவங்க சார்பா பேசிடுங்க’ என்றார்கள். சேர்ந்திருந்த பாயிண்டைப் போட்டு அக்காவுக்குப் போகவர டிக்கெட் எடுத்தேன். ஓசி டிக்கெட் என்பதும் பொய்தான், வரி கிரி என்று ரொக்கம் கேட்டார்கள். இந்தி தெரியாத அக்காவுக்கு மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். டிக்கெட் எப்படி வந்தது என்று விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்ப எங்கூட்டுக்காரரு செத்த கதையச் சொன்னதுக்குக் கெடச்சதா தம்பி?’ என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விமானத்தில் அக்காவுக்கு சன்னல், எனக்கு நடு சீட். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா. அவருடைய மகன் பின்வரிசையிலிருந்து வந்து, ‘எங்க அம்மாவுக்கு மொத தடவ, ரொம்பப் பயப்படுறாங்க, உங்க சீட்டு கிடைக்குமா’ என்றார். என் முதுகு பழக்கத்தில் விறைத்தது. அக்காவைத் தனியாக விட முடியாதே என்று ஒரு காரணமும் தயாராக வந்தது. அக்கா என் கையைத் தட்டினார்.

‘அவரு கேக்குறாரா, சொல்றாரா?’

‘கேக்குறாருக்கா.’

‘கேட்டா எழுந்து குடேன். சொன்னா ஒக்காந்துக்கோ. இதுல என்னா யோசன?’

எழுந்து பின்னால் போனேன். எம்.ஏ. படித்து, கிராம்ஷி படித்து, நாலு வருசமாக நான் குழம்பியது அக்காவுக்கு ரெண்டு வார்த்தை. மறுக்கிற உரிமை இல்லாதவன் எழுந்திருப்பதற்குப் பேர் பணிவு. அந்த உரிமை இருக்கிறவன் எழுந்தால்தான் அது கொடுப்பது. மறுக்கிற உரிமையை ஜெயித்துவிட்டு அதை மறுக்க மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்தவன் நான். அக்காவைத் தனியாக விட முடியாது என்று நினைத்தேன் பாருங்கள், அதுவும் தப்பு. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

விசாரணையில் அக்கா இருபது நிமிசம் பேசினார். பதினொரு தடவை நான் சட்டம், பிரிவு, புள்ளிவிவரம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் ஒருதடவைகூடச் சொல்லாததை அவர் சொன்னார். அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர், சாயந்திரம் குளிக்கப் புதுச் சோப்பு ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். வாங்கி வைத்தாராம். அந்தச் சோப்பு இன்னும் பிரிக்காமல் இருக்கிறதாம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று திரும்பிவரும்போது கேட்டேன். ‘நீ கேக்கலயே தம்பி’ என்றார்.

ஊருக்கு வந்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். அடுத்தவர் காசிலும் அடுத்தவர் துயரத்திலும் நாம் போகிற பயணத்தில் சேருகிற மைல், சால்வை, பொன்னாடை, அறிமுகம், அடுத்த அழைப்பு எல்லாத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதணும். பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த டிக்கெட் கதைக்குச் சொந்தக்காரருக்கு. சில தோழர்கள் சிரித்தார்கள். ஒருவர், ‘சால்வைக்குமா கணக்கு?’ என்றார். இன்னொருவர், நம்ம ஆள் ஒருத்தன் முன்சீட்டில் உட்கார்வதே ஒரு அரசியல்தானே, அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உட்காரலாம், உட்காரணும். நம்மை உட்காரவைத்தது யார் என்பதை மறக்காமல் உட்காரணும் என்றுதான் சொல்கிறேன்.

அக்காவின் டிக்கெட்டுக்குப் போக என் கணக்கில் இன்னும் 3,400 பாயிண்ட் மிச்சம் இருக்கிறது. வெள்ளிப் பட்டமும் இருக்கிறது. நோட்டு வாங்கியாச்சு. முதல் பக்கத்தில் அந்த 3,400-ஐ எழுதி, யாருடையது என்ற இடத்தைக் காலியாக விட்டு அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன். அக்காவையும் வரச்சொல்லியிருக்கிறேன்.